எங்கே தீ என்று சொல்லும் பெட்டி

மாணவர்களே, பள்ளியில் தீ அபாய மணி ஒலித்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பையை அப்படியே விட்டுவிட்டு, ஓடாமல், வரிசையாகத் திடலுக்குப் போய் நிற்பீர்கள். அதே நேரத்தில் ஒருவர் மட்டும் உங்களுக்கு எதிர்த்திசையில் போக வேண்டியிருக்கும். அவர் பாதுகாவலராக இருக்கலாம், விடுதி வார்டனாக இருக்கலாம். "ஏதோ நடந்துவிட்டது" என்று மணி சொல்வது அவருக்குப் போதாது. எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்த அறை என்று தெரிந்தால்தான் அவர் கால் நகரும்.

அதைச் சொல்லும் வேலை தீ அறிவிப்புப் பேனலுடையது. அலுவலகச் சுவரிலோ மாடிப்படிக்குக் கீழேயோ அதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புப் பெட்டி, சின்னச் சின்ன விளக்குகள், ஒரு பூட்டு. கூரையில் இருக்கும் புகை உணரிகளும், கண்ணாடியை உடைத்து அழுத்தும் சிவப்புப் பெட்டிகளும் கம்பி வழியாக இதில்தான் வந்து சேர்கின்றன. பழைய வகைப் பேனல், கட்டடத்தைச் சில மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டு, "மண்டலம் 3" என்று ஒரு விளக்கை எரியவிடும். அந்த மண்டலத்தில் 20 அறைகள் இருந்தால் 20-ஐயும் தேட வேண்டியதுதான். புதிய வகையில் ஒவ்வோர் உணரிக்கும் தனி எண் உண்டு. எந்த உணரி புகையைக் கண்டது என்பது திரையில் எழுத்தாகவே வரும்.

இனி, நம் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பேனல் அலுவலகத்துக்குள் இருக்கிறது. மாலையில் அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள். இரவில் விழித்திருப்பவரோ 250 மீட்டர் தள்ளி வாசல் சாவடியில் உட்கார்ந்திருக்கிறார். பேனல் எவ்வளவு தெளிவாக எழுதிக் காட்டினாலும், அதைப் படிக்க அங்கே ஆள் இல்லை. இதற்காகத்தான் பேனலின் திரையில் வருவதை இன்னோர் இடத்திலும் காட்டும் சிறு பெட்டியை வைக்கிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் ரிப்பீட்டர் என்பார்கள். நாம் துணைக் காட்டி என்று வைத்துக்கொள்வோம்.

பெரிய கட்டடங்களுக்கு இது சட்டத்தோடும் தொடர்புடையது. 30.5 மீட்டரைவிட உயரமான கட்டடத்திலும் பெரிய வளாகத்திலும் ஒரு கட்டளை மையம் இருக்க வேண்டும், தீ அறிவிப்பு முறையைக் கண்காணிக்கும் பேனல் அங்கே இருக்க வேண்டும், தீயணைப்பு நிலையத்தோடு நேரடித் தொலைபேசித் தொடர்பும் வேண்டும் என்று நம் நாட்டின் 1984-ஆம் ஆண்டு கட்டடத் துணைவிதிகள் சொல்கின்றன. விதி பேனல் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதன் திரையில் என்ன எழுத வேண்டும் என்பதை யாரோ ஒரு தொழில்நுட்பர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

அந்த எழுத்து எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு உலகமே பார்த்த சான்று ஒன்று உண்டு.

பாரிஸில் நடந்தது

2019 ஏப்ரல் 15, திங்கட்கிழமை. பிரான்ஸ் நாட்டுத் தலைநகரில் உள்ள நோத்ர தாம் தேவாலயம். மாலை 6 மணி 20 நிமிட அளவில் தீ அறிவிப்புப் பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தது. உணரி தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. பேனலுக்கு எதிரே ஒரு பணியாளரும் இருந்தார். அவர் அந்த வேலைக்கு வந்து மூன்றே நாள் ஆகியிருந்தது என்று பின்னர் பத்திரிகைகள் எழுதின.

திரையில் என்ன வந்தது தெரியுமா? முதலில் சுருக்கமாக ஓர் இடக்குறிப்பு: "மேற்கூரை, நடுக்கூடம், திருவுடை அறை." தேவாலய வளாகத்தை நான்காகப் பிரித்திருந்தார்கள், அதில் ஒரு பகுதியின் பெயர் இது. அதன் பின்னால் ஒரு நீண்ட குறியீடு: இசட்.டி.ஏ. 110-3-15-1. அங்கே இருந்த 160-க்கும் மேற்பட்ட உணரிகளிலும் அபாயப் பெட்டிகளிலும் குறிப்பிட்ட ஓர் உணரியைத்தான் அந்தக் குறியீடு சுட்டியது. முறையை வடிவமைத்தவருக்கு அது முழு முகவரி. மூன்று நாள் பணியாளருக்கு அது வெறும் எண்.

வானொலிக் கருவியில் தகவல் போனது. இன்னொரு காவலர் ஓடினார். அவர் ஏறிப் பார்த்தது தேவாலயத்தை ஒட்டியிருந்த சிறிய கட்டடமான திருவுடை அறையின் மேற்பகுதி. அங்கே தீ இல்லை. எரிந்துகொண்டிருந்ததோ தேவாலயத்தின் பெரிய மேற்கூரை. நூற்றாண்டுக் கணக்கில் பழமையான ஓக் மர உத்தரங்கள் அடர்ந்திருந்ததால் அதற்குக் 'காடு' என்றே பெயர். தவறு புரிந்தபின் ஏறக்குறைய 300 குறுகலான படிகளில் ஏறிப் போனார்கள். தீயணைப்புப் படைக்கு அழைப்பு போனது 6 மணி 51 நிமிடத்துக்கு. அரை மணி நேரம் போய்விட்டது. இரவு எட்டு மணி ஆவதற்குள் கோபுரக் கூர்முனை முறிந்து விழுந்தது. தேவாலயம் மறுபடி திறக்கப்பட்டது 2024 டிசம்பரில்.

சொன்னவர் தவறா, கேட்டவர் தவறா என்று பிறகு சர்ச்சை எழுந்தது. அந்தச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. மூன்று இடங்களின் பெயர்களை ஒரே வரியில் போட்டுவிட்டு, உண்மையான இடத்தை எண்ணுக்குள் ஒளித்துவைத்த திரைதான் என் கண்ணுக்குக் குற்றவாளி. "பெரிய மேற்கூரை, மணிக்கோபுரப் படி வழியாக ஏறவும்" என்று இருந்திருந்தால் புதிதாக வந்தவரும் சரியாகச் சொல்லியிருப்பார் அல்லவா?

இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே பேனல் தகவல் நேரே தீயணைப்புப் படைக்குப் போகவில்லை. காவலர் போய்ப் பார்த்து உறுதி செய்த பிறகே அழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நம் நாட்டில் பல பெரிய கட்டடங்களின் பேனல்கள், எஸ்.பி.கே.ஏ. என்ற தானியங்கிக் கண்காணிப்பு முறை வழியாகத் தீயணைப்பு மீட்புத் துறையோடு இணைக்கப்பட்டுள்ளன. இருந்தாலும் பொம்பா வண்டி வாசலுக்கு வந்து நின்றதும் வீரர்கள் கேட்கும் முதல் கேள்வி "எங்கே?" என்பதுதான். அதற்கு விடை வாசல் சாவடியில் உள்ள துணைக் காட்டியில் இருக்க வேண்டும்.

பெயர் வைப்பது யார்?

துணைக் காட்டியை அமைக்கும்போது, ஒவ்வோர் உணரியின் எண்ணுக்கும் நேரே ஓர் இடப்பெயரைத் தட்டச்சு செய்கிறார்கள். திரையில் இடம் குறைவு. பல கருவிகளில் ஒரு வரிக்கு 20 அல்லது 40 எழுத்துகள்தான் கொள்ளும். தமிழ் எழுத்தும் பெரும்பாலும் வராது. மலாயிலோ ஆங்கிலத்திலோதான் எழுத வேண்டும்.

எந்தப் பெயரை எழுதுவது? நம் வட்டாரத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. வரைபடத்தில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கிறது. பேருந்தில் ஏறும் பாட்டி இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் டிக்கெட் கேட்பார். தோட்டங்களுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், நம்மவர்கள் வாயில் வேறு பெயர். அதே பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே 1917-இல் அங்கே செம்பனை நட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். பெயரைக் கேட்டுவிட்டுத் தென்னை மரத்தைத் தேடிக்கொண்டு போகிறவர் என்ன ஆவார்! ஊர்க்காரருக்கு அந்தக் குழப்பம் வராது, வெளியூர்க்காரருக்கு வரும்.

தீ அறிவிப்பிலும் இதே கதைதான். கட்டட வரைபடத்தில் "பிளாக் சி" என்று இருக்கும். பள்ளியில் எல்லாரும் "புது பில்டிங்" என்பார்கள். தொழில்நுட்பர் வரைபடத்தைப் பார்த்துப் "பிளாக் சி" என்று தட்டச்சு செய்துவிட்டுப் போய்விடுவார். ஆறு மாதம் கழித்து நள்ளிரவில் அது திரையில் வரும்போது, நேப்பாளத்திலிருந்து வந்து சென்ற வாரம் வேலையில் சேர்ந்த காவலர் சுவர் சுவராகச் 'சி' என்ற எழுத்தைத் தேடுவார். ஒன்று, திரையில் சுவரில் உள்ள பெயரை எழுத வேண்டும். அல்லது, திரையில் உள்ள பெயரைச் சுவரில் பெரிதாக எழுத வேண்டும்.

மாடி எண் இன்னும் மோசம். தரைத்தளத்தைச் சிலர் 'ஜி' என்பார்கள், சிலர் 1 என்பார்கள். அப்படியானால் "மாடி 2" என்பது எது? நம் நாட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 4 என்ற எண்ணின் சீன உச்சரிப்பு மரணம் என்ற சொல்லைப் போல ஒலிப்பதால், பல கட்டடங்களின் மின்தூக்கியில் நான்காம் மாடிக்கு 3ஏ என்று எழுதியிருக்கும். பேனலில் 4 என்று வந்தால், மின்தூக்கியில் அந்தப் பொத்தானே இருக்காது.

திரைக்குப் பக்கத்தில் வரைபடம் மாட்டுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முன்வாசலில் நிற்பவருக்கு வலது பக்கம் உள்ள விடுதி, பின்வாசலில் நிற்பவருக்கு இடது பக்கம். இரண்டு இடத்திலும் ஒரே படத்தை ஒரே மாதிரி மாட்டினால் ஒருவர் நிச்சயம் தவறான பக்கம் ஓடுவார். பின்வாசலில் படத்தைத் திருப்பி வரைந்து, "நீங்கள் நிற்பது இங்கே" என்று புள்ளி வைக்க வேண்டும்.

எண், கம்பி, மின்னழுத்தம்

நல்ல பெயர் வைத்தாகிவிட்டது. அது 250 மீட்டர் கம்பி வழியே பிழையின்றி வந்து சேர வேண்டும். இங்கேதான் உங்கள் பாடப்புத்தகம் உதவிக்கு வருகிறது.

கம்போங் குவாந்தானில் படகில் போய் மின்மினிகளைப் பார்த்திருக்கிறீர்களா? சிலாங்கூர் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து, எல்லாம் ஒரே நேரத்தில் மின்னி ஒரே நேரத்தில் அணையும். பார்க்க அழகு. ஆனால் ஒரே கம்பியில் கட்டப்பட்ட காட்டிகள் அப்படி ஒரே நேரத்தில் பேசினால் யார் பேச்சும் புரியாது. அதனால் பேனல் வகுப்பாசிரியர் போல ஒவ்வொருவரையும் எண் சொல்லி அழைக்கும். "எண் 1, இருக்கிறாயா?" "இருக்கிறேன்." "எண் 2?" இப்படிச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். அழைத்த எண் மட்டுமே பதில் சொல்ல வேண்டும். இரண்டு காட்டிகளுக்கு ஒரே எண் வைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து கத்தும். பேனல் குழம்பிப் பழுது என்று அறிவிக்கும்.

சில கருவிகளில் இந்த எண்ணைத் திரை வழியே கொடுக்கலாம். பலவற்றில் பெட்டிக்குள் வரிசையாகச் சின்னஞ்சிறு பொத்தான்கள் இருக்கும். அவற்றின் மதிப்பு 1, 2, 4, 8, 16, 32, 64. மேலே தள்ளிய பொத்தான்களின் மதிப்புகளைக் கூட்டினால் காட்டியின் எண். 5 வேண்டுமா? 1-ஐயும் 4-ஐயும் தள்ளுங்கள். 7 பொத்தான்களைக் கொண்டு 0 முதல் 127 வரை எந்த எண்ணையும் அமைக்கலாம். கணிதத்தில் படிக்கும் இரண்டடிமான எண் எங்கே பயன்படும் என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில். உங்களுக்கு ஒரு கேள்வி: 22 என்ற எண்ணுக்கு எந்தப் பொத்தான்களைத் தள்ள வேண்டும்? விடை கட்டுரையின் கடைசியில்.

செய்தி போவதற்குப் பெரும்பாலும் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகளைப் பயன்படுத்துகிறார்கள். காட்டி, ஒரு கம்பியின் மின்னழுத்தத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. முதல் கம்பியில் 3 வோல்ட், இரண்டாவதில் 2 வோல்ட் என்றால் வேறுபாடு 1. பக்கத்தில் ஆலையின் பெரிய மோட்டார் ஓடத் தொடங்கி இரண்டு கம்பியிலும் தேவையில்லாத 2 வோல்ட்டை ஏற்றிவிட்டால்? 5-லிருந்து 4 போக அதே 1. இரைச்சல் தானாகக் கழிந்துவிட்டது. முறுக்கியிருப்பதால்தான் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இரைச்சலை வாங்குகின்றன.

நீண்ட கம்பியின் முனையில் மின்குறி மோதித் திரும்பி எதிரொலிக்கும். அதை அடக்க, கம்பியின் இரண்டு கோடிகளிலும் தலா 120 ஓம் மின்தடை போடுவது இந்த வகைக் கம்பித்தொடருக்கு வழக்கம். நடுவில் உள்ள காட்டிகளில் போடக் கூடாது. சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரண்டு கம்பிகளுக்கும் நடுவே ஓம் அளவியை வையுங்கள். பக்க இணைப்பில் இரண்டு 120 ஓம் என்றால் விடை 60. அளவியில் ஏறக்குறைய 60 வந்தால் நலம். 40 வந்தால் யாரோ மூன்றாவது ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். 120 வந்தால் ஒன்று குறைகிறது, அல்லது நடுவில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. பெட்டிகளைத் திறக்காமலேயே இவ்வளவும் தெரிந்துவிடும்!

அடுத்தது மின்னழுத்தம். இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். காட்டிகள் 24 வோல்ட்டில் ஓடுகின்றன. 250 மீட்டர் தூரத்துக்குப் போகவும் வரவும் 500 மீட்டர் செம்புக் கம்பி வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி என்றால் அதன் மின்தடை ஏறக்குறைய 5.7 ஓம். கோடியில் நான்கு காட்டிகள், ஒவ்வொன்றும் 0.2 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 0.8 ஆம்பியர். ஓம் விதிப்படி 0.8-ஐ 5.7-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 4.5 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். காட்டிக்குக் கிடைப்பது 19.5 வோல்ட். அது ஓடக் குறைந்தது 18 வேண்டும் என்றால், பாதகமில்லை.

ஆனால் தீப்பிடித்த இரவில் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் பேனல் பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்கி 21 வோல்ட்டுக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். அப்போது காட்டிக்குக் கிடைப்பது 16.5 வோல்ட்தான். திரை இருண்டுவிடும். பகலில் சோதித்தபோது ஒழுங்காக வேலை செய்த அதே பெட்டி, தேவைப்படும் இரவில் கைவிட்டுவிடும். இதற்குத் தடித்த கம்பி போடலாம், அல்லது வாசல் சாவடியிலேயே தனி பேட்டரியோடு மின்வழங்கி வைக்கலாம். கட்டடத்துக்குக் கட்டடம் வெளியில் இழுக்கும் கம்பிக்கு நம் ஊர் மின்னல் வேறு எதிரி. அதனால் நீண்ட தூரத்துக்கு ஒளியிழையைப் பயன்படுத்துவதும் உண்டு. கண்ணாடி இழையில் மின்னலின் மின்னோட்டம் பாயாது.

அமைதிக்கு என்ன பொருள்?

துணைக் காட்டியின் திரையில் ஒன்றும் இல்லை. தீ இல்லை என்று பொருளா, கம்பி அறுந்துவிட்டது என்று பொருளா? எலி கடித்த கம்பியும் அமைதியாகத்தான் இருக்கும். பேனல் எண் சொல்லி அழைத்துக்கொண்டே இருப்பதன் உண்மையான பயன் இங்கேதான் தெரியும். குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் வராவிட்டால், பேனலில் மஞ்சள் விளக்கு எரிந்து "காட்டி 3 பழுது" என்று வரும். காட்டியும் தன்னை யாரும் அழைக்கவில்லை என்று கண்டால் "தொடர்பு இல்லை" என்று எழுதி, கீச்சிட வேண்டும். இந்த எச்சரிக்கையை அமைப்பில் அணைத்து வைத்தால் தொல்லை இல்லைதான். ஆனால் பச்சை விளக்கு எரியும் செத்த பெட்டி, பெட்டியே இல்லாததைவிட ஆபத்தானது.

இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். துணைக் காட்டியில் இருப்பவருக்கு எந்த எந்தப் பொத்தானை அழுத்த அனுமதி? ஒலியை நிறுத்துவது ஒன்று, மீட்டமைப்பது வேறு. ஒலியை நிறுத்தினால் சத்தம் மட்டும் போகும். எந்த உணரி என்ற எழுத்து திரையில் நிற்கும். மீட்டமைத்தால் எல்லாம் அழிந்து முறை புதிதாகத் தொடங்கும். உணரி மறுபடி புகையைக் காணும் வரை இடம் தெரியாது. பாதி வழி போன வார்டன், "எந்த அறை?" என்று திரும்பக் கேட்டால் சொல்ல ஆளிருக்காது. அதனால் சாவடிக் காட்டியில் ஒலி நிறுத்தும் அனுமதியை மட்டும் கொடுத்து, மீட்டமைப்பைப் பேனலோடு வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. சில இடங்களில் சாவி போட்டுத் திருப்பினால் மட்டும் அந்தப் பொத்தான் வேலை செய்யும்படி வைக்கிறார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பது அடுத்த தலைவலி.

எல்லாம் முடிந்தபின் சோதனை. ஒருவர் சோதனைப் புகைக் குப்பியோடு உணரி உணரியாகப் போவார். ஒவ்வொரு காட்டி முன்னாலும் ஒருவர் வாக்கி-டாக்கியோடு நிற்பார். உணரி விழித்ததும், காட்டி முன் நிற்பவர் திரையில் உள்ளதை ஓர் எழுத்து விடாமல் வாசிக்க வேண்டும். "வருகிறது சார்" என்று மட்டும் சொன்னால் ஏற்றுக்கொள்ளக் கூடாது. பிறகு மின்சாரத்தை நிறுத்திப் பேட்டரியில் ஒரு முறை, ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு முறை. என்னைக் கேட்டால் இன்னொரு சோதனையும் சேர்ப்பேன்: கட்டடத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரைச் சாவடியில் உட்காரவைத்து, திரையில் வருவதைப் படித்துவிட்டு அந்த இடத்துக்கு நடந்து போகச் சொல்ல வேண்டும். எத்தனை நிமிடத்தில் போய்ச் சேருகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பள்ளியிலோ விடுதியிலோ பேனல் இருந்தால், ஆசிரியரிடம் கேட்டுவிட்டு அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் மண்டலப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பொத்தான்களைத் தொட வேண்டாம். பட்டியலில் உள்ள பெயர்களில் எத்தனை, நீங்கள் தினமும் சொல்லும் பெயர்கள்?

(விடை: 2, 4, 16 ஆகிய மதிப்புள்ள பொத்தான்கள்.)